ஓட்டிப் பார்த்தது

திங்கட்கிழமை காலை ரூட்டு தன் அலுவலகக் கணினியைத் திறந்தபோது, பயணப் பதிவுகளின் பட்டியலில் ஒன்று கூடுதலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மழை. யாரும் சைக்கிளை வெளியே எடுக்கவில்லை. ஆனாலும் ஒரு பதிவு வந்திருந்தது. ஏழு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் ‘சிட்டு’ என்று இருந்தது.

சிட்டு அவருடைய தம்பி. ஏழு மாதத்துக்கு முன்பு கடலோர இறக்கத்தில் சைக்கிளோடு பாறைக்குக் கீழே போனவன். மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. சைக்கிளும், ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த, பயணத்தைப் பதிந்து அனுப்பும் மீட்டரும் இன்றுவரை கிடைக்கவில்லை.

“மீட்டர் கோளாறு,” என்று அவர் வாய்விட்டே சொல்லிக்கொண்டார். பக்கத்து மேஜையில் இருந்த கணக்கர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

மலைக்கும் கடலுக்கும் சைக்கிள் சுற்றுலா நடத்தும் அந்தச் சின்ன நிறுவனத்தில் பாதைகளை எழுதுவது அவர் வேலை. எத்தனையாவது கிலோமீட்டரில் திரும்ப வேண்டும், எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே நாய் துரத்தும் என்றெல்லாம் ஒரே தாளில் அடக்கிவிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயரை மறந்து ஊரே அவரை ரூட்டு என்று கூப்பிட்டதற்கு அதுதான் காரணம். அந்தத் தொழிலில் ஒரே ஒரு விதி உண்டு. எழுதுகிறவர் போக ஒரு தடவை, வர ஒரு தடவை அந்தப் பாதையை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகே தாளின் அடியில் ‘ஓட்டிப் பார்த்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

இருபது வருடத்தில் அந்த விதியை அவர் மீறியது ஒரே ஒரு தடவை. தன் வீட்டுக் கேட்டையே பூஜ்ஜியமாக வைத்து, மலையேறி மறுபக்கம் கடலில் இறங்கும் நாற்பத்தொன்பது கிலோமீட்டர் பாதை அது. முப்பத்தெட்டில் மலை உச்சி. அங்கே போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது, முழங்காலும் வலித்தது. திரும்பி வந்துவிட்டார். மிச்சப் பதினொன்றையும் மேஜையில் பழைய வரைபடத்தை விரித்து வைத்து எழுதினார். ‘நீண்ட இறக்கம். வழவழப்பான சாலை. பிரேக்கைத் தொட வேண்டியதே இல்லை.’ எழுதி முடித்ததும் அந்தக் கடைசி வரி அவருக்கே ரொம்பப் பிடித்திருந்தது. கீழே கையெழுத்துப் போட்டார். அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதியை ஆசையாகத் தம்பியிடம் கொடுத்தார்.

நாற்பத்தைந்து புள்ளி மூன்றில் ஒரு வளைவு இருந்தது. கொக்கி போல மடங்கும் வளைவு, வேலி கிடையாது, வெளிப்பக்கம் கடல். வரைபடத்தில் அது நேர்கோடு.

தம்பி போன அன்று மாலையே அவர் தாளைத் திருத்திவிட்டார். ‘45.3: ஆபத்தான வளைவு. இறங்கி நடக்கவும்.’ கேட்டவர்களிடமெல்லாம் அதைத்தான் நீட்டினார். “எழுதித்தான் கொடுத்தேன். அவன் எதைப் படிச்சான்? சின்ன வயசுல இருந்தே பிரேக்குன்னா அவனுக்கு அவமானம்,” என்றார். எல்லோரும் நம்பினார்கள். தம்பி மனைவியும் நம்பினாள். என்னைக் கொஞ்சமும் நினைக்காமல் போன மனுஷன் என்று அவனுடைய படங்களைக்கூடச் சுவரிலிருந்து இறக்கி வைத்துவிட்டாள். ரூட்டுவுக்கு அது உறுத்தத்தான் செய்தது. ஆனால் உறுத்தலோடு தூங்க அவர் பழகிக்கொண்டார்.

இப்போது அந்தப் பதிவை வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். அது தொடங்கிய இடம் சாலையில் இல்லை. வளைவுக்கு நேர் கீழே, கரையிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி, தண்ணீருக்குள் இருந்தது. அங்கிருந்து நாற்பத்தைந்து புள்ளி மூன்றுக்கு ஏறி, எதிர்த்திசையில் உச்சி வரை வந்து நின்றிருந்தது. பாதை எழுதுகிறவர்கள் வழியில் குறிப்புப் போடுவதுபோல அதிலும் இரண்டு குறிப்புகள் இருந்தன. ‘45.3: வேலி இல்லை.’ ‘43.0: சாலை வழவழப்பு இல்லை. ஜல்லி.’

அவர் அதை அழித்துவிட்டு டீ குடிக்கப் போனார். டீ உப்புக் கரித்தது.

செவ்வாய்க்கிழமை இன்னொரு பதிவு முப்பத்தெட்டிலிருந்து இருபத்தாறுக்கு வந்திருந்தது. புதன்கிழமை பதினான்கு. குறிப்புகள் சுத்தமாக, தொழில் தெரிந்தவன் எழுதியதுபோல இருந்தன. தண்ணீர்க் குழாய் மாறியிருந்த இடம், புதிதாக வைத்த கைகாட்டி, செத்துப்போன நாய். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. யாரோ வம்புக்கு விளையாடுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தார். ஆனால் ஏற்றத்தில் அந்த வேகம், உச்சிக்கு இருநூறு மீட்டர் முன்னால் திடீரென்று எழுந்து நின்று மிதிக்கிற பழக்கம், இதையெல்லாம் எந்தப் போக்கிரியாலும் ஜோடிக்க முடியாது. போக ஒரு தடவை தம்பி ஏழு மாதம் முன்பே போய்விட்டான். இப்போது வர ஒரு தடவை வந்துகொண்டிருக்கிறான். பாதை முடியும் இடம் பூஜ்ஜியம். அவர் வீட்டுக் கேட்.

அன்று மாலை வீட்டில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடுபனி தெருவை அடைத்திருந்தது. தெருக்கோடியில் எங்கோ ஒரு சைக்கிள் மிதிக்காமல் உருண்டு வரும் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக் என்று பின்சக்கரம் காய்ந்து அடித்துக்கொள்ளும் சத்தம். தம்பி அதற்கு ஒருநாளும் எண்ணெய் விட்டதில்லை. “ஹாரன் வாங்குற செலவு மிச்சம்ணா,” என்பான். சத்தம் நெருங்கி வந்து கேட்டருகே நின்றது. கதவைத் தட்டினார்கள்.

தம்பி மனைவி. குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தாள். அவள் நடந்துதான் வந்திருந்தாள்.

“வெளியே சைக்கிள் ஏதாவது பார்த்தியாம்மா?”

“இல்லையே அத்தான்.” அவள் உட்காரவில்லை. “நாளன்னிக்கு உங்க பாதைப் புத்தகம் அச்சுக்குப் போகுதாமே. அந்தப் பாதையும் அதுல இருக்காம்?”

“இருக்கு. நல்ல பாதை. பாவம், அவன்தான்...”

“அத்தான், ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. இத்தனை மாசமா அவரைத் திட்டித் திட்டி எனக்கு அலுத்துப்போச்சு. நேத்து அவரோட பழைய பதிவையெல்லாம் பார்த்தேன். அவர் எல்லா வளைவுலயும் பிரேக் பிடிச்சிருக்காரு. எல்லாத்துலயும். ஒண்ணுகூட விடல.”

ரூட்டு எழுந்து, ஏற்கெனவே சாத்தியிருந்த ஜன்னலை மறுபடி அழுத்திச் சாத்தினார்.

“அந்த இறக்கத்தை நீங்க ஓட்டிப் பார்த்தீங்கதானே?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், வீட்டுக்குப் போய் அவனுடைய படத்தைத் துடைத்து மாட்டியிருப்பாள். அவருக்கு வேலை போயிருக்கும், ரூட்டு என்ற பெயரும் போயிருக்கும். அவர் யோசித்தது பெயரைப் பற்றித்தான்.

“ஓட்டிப் பார்க்காமயா கையெழுத்துப் போடுவேன்?”

“அப்போ உங்க பதிவு இருக்குமே. அதைக் காட்டுங்க அத்தான், போதும். பார்த்துட்டு நான் அவரைத் திட்டிட்டே இருந்துக்கறேன்.”

“நாளைக்குச் சாயங்காலம் தரேன்.”

அவள் போன பிறகு வாசலில் பார்த்தார். ஈரத் தரையில் அவளுடைய செருப்புத் தடம் வந்து, திரும்பிப் போயிருந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு டயர் தடமும் வந்திருந்தது. அது திரும்பிப் போகவில்லை.

விடியும்போது எழுந்தார். மனசுக்குள் கணக்கு சுலபமாக இருந்தது. இன்றைக்கு அந்த இறக்கத்தை ஓட்டிவிட வேண்டும். வளைவில் இறங்கி நடந்துவிடலாம். பதிவின் தேதியை மாற்றிவிட்டால் பொய் பொய்யாக இருக்காது, ஓட்டிப் பார்த்ததாகவே ஆகிவிடும். இருபது வருடம் தாள் எழுதியவருக்குத் தன் தவறைக்கூடத் தாளில்தான் சரிசெய்யத் தெரிந்தது. கணினியை வேண்டாவெறுப்பாக ஒரு நிமிடம் திறந்தார். புதுப் பதிவு, பதினான்கிலிருந்து பூஜ்ஜியம் வரை. கடைசிக் குறிப்பு: ‘0.0: கேட் திறந்திருக்கு. நான் முடிச்சாச்சு. இனி அண்ணன்.’

வெளியே கேட் திறந்திருந்தது. கூடத்தில் நிறுத்தியிருந்த அவருடைய சைக்கிள் கேட்டுக்கு வெளியே, மலைக்குப் போகும் வலப்பக்கம் பார்த்து நின்றது. நேற்று நானே வெளியே விட்டிருப்பேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். நம்பவில்லை. ஏறினார்.

ஏற்றம் முழுக்க மூடுபனி. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தமும், அவருடைய மூச்சும், சங்கிலி பல்லில் ஏறும் சத்தமும் மட்டும்தான் கேட்டன. பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. இருபதாவது கிலோமீட்டரில் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. முப்பதில் அந்த வாடை வந்தது. கடல்பாசி, ஊறிப்போன ரப்பர், துரு. கடல் இன்னும் மலைக்கு அந்தப்பக்கம் இருந்தது. உச்சிக்கு இருநூறு மீட்டர் முன்னால், அவருக்குப் பின்னால் யாரோ சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கும் சத்தம் கேட்டது. அவர் நின்றார். அதுவும் நின்றது.

முப்பத்தெட்டில் தண்ணீர் குடித்தார். திரும்பிப் போய்விடலாம். இதே இடத்திலிருந்துதான் அன்றைக்கும் திரும்பினார். ஆனால் அவள் சாயங்காலம் வருவாள், கையை நீட்டுவாள். மெதுவாகப் போவோம், பிரேக்கைப் பிடித்தபடியே போவோம் என்று இறங்கினார்.

சாலை வழவழப்பாக இல்லை. ஜல்லி. இரண்டு பிரேக்கையும் பிடித்தார். கட்டைகள் பிடித்தன, கிறீச்சிட்டன. ஆனாலும் வேகம் குறையவில்லை. மணிக்கு முப்பது. முப்பத்தைந்து. ஹேண்டில்பாரில் செருகியிருந்த தாளைப் பார்த்தார். அவர் வைத்தது திருத்திய தாள். இப்போது இருந்தது ஊறி, விளிம்பு கரைந்து, உப்புப் பூத்த தாள். எழுத்து மட்டும் கலையவில்லை. பிரேக்கைத் தொட வேண்டியதே இல்லை. கீழே அவருடைய கையெழுத்து.

டிக், டிக், டிக்.

பக்கத்தில் இல்லை. சரியாகப் பின்னால்.

சீட்டை யாரோ பிடித்திருந்தார்கள். அந்தப் பிடி அவருக்குத் தெரியும். தம்பிக்கு ஆறு வயதாக இருந்தபோது சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். சீட்டை இப்படித்தான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடுவார். அவன் பயந்து அழுவான். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார். சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிடுவார்.

நாற்பத்துமூன்றாவது கிலோமீட்டர். நாற்பத்துநான்கு. காலைத் தரையில் ஊன்றினார். செருப்பு பிய்ந்தது. தோலும் பிய்ந்தது. வேகம் குறையவில்லை.

“நான் ஓட்டிப் பார்க்கல!” என்று கத்தினார். “பொய்டா! நான் ஓட்டவே இல்லடா!”

கேட்க அங்கே யாரும் இல்லை. கேட்க வேண்டியவள் நாற்பத்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, சுவரில் படம் இல்லாத வீட்டில் இருந்தாள்.

மூடுபனி விலகியது. சாலை முடிந்த இடத்தில் கடல் இருந்தது. சாம்பல் நிறம். அலை இல்லை. மீட்டர் நாற்பத்தைந்து புள்ளி இரண்டைக் காட்டியது.

பிரேக்கைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள்மேல் குளிர்ந்த, ஊறிப்போன விரல்கள் வந்து படிந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டன. அவசரமே இல்லாமல். காதருகில், தண்ணீர் வழிய வழிய, அந்தப் பழைய வார்த்தை கேட்டது.

“பிடிச்சிருக்கேண்ணா. திரும்பிப் பார்க்காத.”