பாட்டு வாத்தியாருக்குப் பயம்

விருந்தாளி வந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

அவர் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். ஜன்னலிலிருந்து கதவு வரை, கதவிலிருந்து ஜன்னல் வரை. அது பழைய மரத்தரை. ஒவ்வோர் அடிக்கும் கிறீச், கிறீச் என்றது.

"எலியா?" என்று அண்ணன் கேட்டான்.

"எலி செருப்புப் போடாது," என்றாள் பட்டாணி.

பட்டாணிக்குப் பத்து வயது. பிறந்தபோது பட்டாணி அளவுதான் இருந்தாள் என்று அப்பா விளையாட்டாகச் சொல்ல, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. விருந்தாளி நடந்துகொண்டிருந்தது அவளுடைய அறையில்தான். மாநாடு முடியும் வரை பட்டாணிக்குக் கூடத்து சோபாதான் படுக்கை.

அது அவர்கள் திருச்சபையின் பெரிய மாநாடு. மலைமேல் இருக்கும் சபை, தீவில் இருக்கும் சபை, ஒரே ஓர் அறையில் கூடும் சபை என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரை எந்த வீட்டில் தங்க வைப்பது என்று பார்ப்பது அம்மாவின் பொறுப்பு. மண்டபத்தில் மைக்கும் ஒலிபெருக்கியும் அப்பாவின் பொறுப்பு.

பட்டாணி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் ஒரு பாட்டு வாத்தியார். மிஷன் ஊழியர்களோடு ஊர் ஊராகப் போகிறவர். பியானோ இல்லாத, பாட்டுப் புத்தகம்கூட இல்லாத இடங்களில் பத்துப் பேரைக் கூட்டி வைத்து, மேல்குரல், கீழ்க்குரல் என்று நான்கு குரல்களாகப் பிரித்துப் பாடச் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். இந்த முறை மாநாட்டுக்கு வந்த எல்லாருக்கும் அவர் ஒரு புதுப் பாட்டைச் சொல்லித் தர வேண்டும். அவர்கள் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய் மற்றவர்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

மறுநாள் காலையில் பட்டாணி தன் அறைக் கதவைத் தட்டினாள்.

"மாமா, என் காலுறை உள்ள இருக்கு. எடுத்துக்கட்டுமா?"

"வாம்மா."

கட்டிலின் மேல் அவருடைய பை இருந்தது. வார் எல்லாம் இறுக்கிக் கட்டியிருந்தது. வாத்தியார் கோட்டையும் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"ஊருக்கா போறீங்க?"

வாத்தியார் கட்டிலில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். "மெதுவா பேசு. உங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"மாநாடு இன்னிக்குத்தானே ஆரம்பிக்குது?"

"அதனாலதான் போறேன்." அவர் ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். "உன்கிட்ட ஒண்ணு சொன்னா வெளியில சொல்ல மாட்டியே?"

"சொல்ல மாட்டேன்."

"எனக்குக் கூட்டம்னா பயம், பாப்பா. பத்துப் பேர்னா ஒண்ணும் இல்ல. முப்பது பேர்னாகூடச் சமாளிச்சிடுவேன். நேத்து உங்கப்பா மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். நாற்காலி, நாற்காலி, எங்க பார்த்தாலும் நாற்காலி. அப்போலேருந்து ஒரு இடத்துல உட்கார முடியல."

ஒரு பெரியவர் 'எனக்குப் பயம்' என்று சொல்லிப் பட்டாணி கேட்டதே இல்லை. பள்ளியில் தன்னை மேடையேற்றியபோது கேட்டது நினைவுக்கு வந்தது.

"எதிர்ல இருக்கிறவங்க எல்லாம் முட்டைக்கோஸ்னு நினைச்சுக்கணும். எங்க டீச்சர் சொல்லியிருக்காங்க."

வாத்தியார் அதைச் சற்று யோசித்துப் பார்த்தார். "முட்டைக்கோஸ் பாடாதே. நான் அவங்களைப் பாட வைக்கணுமே."

அது நியாயமாகத்தான் பட்டது.

"அப்போ கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிக் கொடுங்க."

"ஒரு தடவை செஞ்சு பார்த்தேன். மேடையிலேருந்து விழுந்துட்டேன்."

பட்டாணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "பஸ் எப்போ?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல இந்த வழியாத்தான் வரும்."

பட்டாணி காலுறையோடு வெளியே வந்தாள். அம்மாவிடம் சொல்லலாம் என்றால் வாக்குக் கொடுத்தாயிற்று. சொல்லாமல் இருந்தால் அவர் போய்விடுவார். மண்டபத்தில் அத்தனை பேரும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஒரு காலில் காலுறையை மாட்டினாள். இன்னொன்றை மாட்ட மறந்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குவளைகளைக் கழுவத் தொடங்கினாள்.

கை குவளையைக் கழுவிக்கொண்டிருந்தது. வாய் தானாக எதையோ பாடியது. நேற்று சாயங்காலம் அறைக்குள் நடந்தபடியே வாத்தியார் பாடிய பாட்டு அது. கேட்டுக் கேட்டுப் பட்டாணிக்குப் பாதி பாடமாகிவிட்டிருந்தது.

"வாசல் திறந்து வைப்போம், வருவோர் யாராகிலும்..."

அறைக் கதவு படாரென்று திறந்தது.

"அங்கே ஏறக் கூடாது," என்றபடி வாத்தியார் கையில் பையோடு சமையலறைக்கே வந்துவிட்டார். "இறங்கணும்."

"எங்கே?"

"'திறந்து'ங்கிற இடத்துல. மறுபடி பாடு."

பட்டாணி பாடினாள். மறுபடியும் குரல் மேலேதான் போனது.

"நீ மாடிப்படி ஏறுறே. அங்க படி இறங்கணும். இதைப் பாரு." வாத்தியார் பையைக் கீழே வைத்தார். கழுவிய பாத்திரங்களை உயரமானதிலிருந்து குட்டையானது வரை வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றின் தலையிலும் விரலை வைத்துக் காட்டினார். "இது 'வா'. இது 'சல்'. இப்போ இந்தக் குட்டிக் கிண்ணத்துக்கு இறங்கு. 'திறந்து'. ஆங், அதேதான். அப்படியே மேல போ."

படுக்கை விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள். "நல்லா இருக்கே," என்றுதான் சொன்னாள். அவ்வளவுதான், வாத்தியார் அவளுக்கு இரண்டாம் குரலைக் கொடுத்துவிட்டார். விரிப்புகளை இறக்கி வைக்கக்கூட விடவில்லை.

அண்ணன் பல் துலக்கியபடி எட்டிப் பார்த்தான். அவனுக்குக் குரல் உடைந்துகொண்டிருந்த சமயம். ஒரு வரி பாடுவதற்குள் தவளையாகவும் குயிலாகவும் மாறி மாறிக் கத்தினான்.

"தம்பி, உன் குரல் ரெண்டு மாடி வீடு," என்றார் வாத்தியார். "நீ கீழ் வீட்டிலேயே இரு. மேல போகாதே."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. பட்டாணி பாட்டை நிறுத்தினாள். அவள் வாத்தியாரைப் பார்த்தாள்.

"மறுபடியும் முதல்லேருந்து," என்றார் அவர். பஸ் தெரு முனையைத் தாண்டிப் போய்விட்டது.

பாட்டு முடிவதற்குள் வாசலில் அப்பாவின் வண்டி வந்து நின்றது. "வாத்தியாரய்யா, கிளம்பலாமா? கூட்டம் நிரம்பிடுச்சு."

வாத்தியாரின் முகம் வெளுத்தது. கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். பிறகு வண்டியில் ஏறினார்.

மண்டபத்தில் ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை. சுவரோரமாகவும் ஆட்கள் நின்றார்கள். பட்டாணி அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அவர்களுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்தது சிறுவர் பாடகர் குழுவை நடத்தும் அக்கா. அடுத்த மாதம் குழுவுக்குப் புதிதாகப் பிள்ளைகளை எடுக்கப் போகிறார். பட்டாணிக்கு அதில் சேர எவ்வளவு ஆசை என்பது அவளுக்கும் அவள் தலையணைக்கும்தான் தெரியும்.

போதகர் ஜெபித்தார். பிறகு, "நம் பாட்டு வாத்தியார்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

வாத்தியார் மைக் முன்னால் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கையில் இருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

யாரோ இருமினார்கள். பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. மைக்தான் கெட்டுவிட்டதோ என்று அப்பா கம்பிகளை இழுத்து இழுத்துப் பார்த்தார். முணுமுணுப்பு பரவியது.

வாத்தியாரின் பார்வை பக்கவாட்டுக் கதவின் பக்கம் போனது. ஒரு கால் அந்தப் பக்கம் திரும்பியும்விட்டது.

பட்டாணியால் உட்கார முடியவில்லை. ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்வது? காலையில் அவரை அறையை விட்டு வெளியே இழுத்து வந்தது எது? முட்டைக்கோஸ் இல்லை. ஆறுதல் வார்த்தையும் இல்லை.

அவள் முன்னால் இருந்த அக்காவின் பின்னந்தலையைப் பார்த்தாள். எழுந்து நின்று உரக்கப் பாடினாள்.

"வாசல் திறந்து வைப்போம்..."

'திறந்து' வந்த இடத்தில் வேண்டுமென்றே மேலே ஏறினாள்.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அங்கங்கே சிரிப்பு கிளம்பியது. அண்ணன் நாற்காலியில் சரிந்து சரிந்து கிட்டத்தட்டத் தரைக்கே போய்விட்டான். "உட்காருடி," என்று அம்மா பாவாடையைப் பிடித்து இழுத்தாள். முன்னால் இருந்த அக்கா திரும்பிப் பார்த்து, பாவம் என்பதுபோல் புன்னகைத்தார். பட்டாணியின் காதெல்லாம் சுட்டது.

மேடையில் வாத்தியாரின் கழுத்து மட்டும் லேசாகத் திரும்பியிருந்தது. போதவில்லை.

பட்டாணி இன்னொரு முறை பாடினாள். அதே இடம், அதே தப்பு.

வாத்தியாரின் கை தானாக உயர்ந்தது.

"இறங்கணும்," என்றார். மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. தன் குரலைக் கேட்டு அவரே ஒரு கணம் திகைத்தார். ஆனால் தப்பு இன்னும் காற்றிலேயே நின்றிருந்தது. அதை அப்படியே விட்டுவிட அவரால் முடியவில்லை. "அங்கே ஏறக் கூடாது. இந்தத் தப்பு எல்லாருக்கும் வரும். அதனால அதையே முதல்ல பார்த்துடுவோம். இந்தப் பக்கம் இருக்கிறவங்க பாடுங்க."

இந்தப் பக்கம் இருந்தவர்கள் பாடினார்கள். பாதிப் பேர் மேலே ஏறினார்கள்.

"பார்த்தீங்களா?" என்றார் வாத்தியார். இப்போது மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்து அந்தப் பக்கத்தைப் பாட வைத்தார். சுவரோரம் நின்ற ஆண்களுக்குக் கீழ்க்குரலைக் கொடுத்தார். "தூங்காதீங்க, ஐயா, உங்க மேலதான் மத்த மூணு குரலும் நிக்குது," என்று அவர்களை அதட்டினார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். தாள் எப்போதோ கீழே விழுந்திருந்தது.

கடைசியில் நான்கு குரல்களும் ஒன்றாகச் சேர்ந்தன. மலையிலிருந்து வந்தவர்கள், தீவிலிருந்து வந்தவர்கள், பியானோவையே பார்க்காதவர்கள் எல்லாரும் பாடினார்கள். பட்டாணியின் நாற்காலி அதிர்ந்தது. அண்ணன்கூடத் தரையிலிருந்து மேலே வந்து, கீழ் வீட்டிலேயே இருந்து ஒழுங்காகப் பாடினான்.

மதியம் சாப்பாட்டு வரிசையில் சூப்பும் ரொட்டியும் கொடுத்தார்கள். பட்டாணி ரொட்டியோடு ஒரு மூலையில் நின்றாள். பாடகர் குழு அக்கா அவளைத் தேடி வந்தார்.

"கண்ணு, பாட்டு வரலைன்னு வருத்தப்படாதே. பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கவும் குழுவுக்கு ஆள் வேணும்."

பக்கத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்த வாத்தியார் நிமிர்ந்தார்.

"யாருக்குப் பாட்டு வரலை? இவளுக்கா?" என்றார். "ரெண்டு தடவையும் ஒரே இடத்துல, இம்மிகூட மாறாம ஒரே மாதிரி தப்பாப் பாடினாளே, கவனிக்கலையா? தெரியாம தப்பாப் பாடுறவங்களால அப்படிப் பாட முடியாது. உங்க குழுவுல இவளை முதல் வரிசையில நிறுத்துங்க."

அக்கா பட்டாணியை ஏற இறங்கப் பார்த்தார். "சனிக்கிழமை பயிற்சி இருக்கு. வந்துடு," என்றார். உடனே அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்போ வேணும்னேதான் தப்பாப் பாடினியா? எதுக்கு?"

வாத்தியார் சூப் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்.

பட்டாணி அவசரமாக ரொட்டியைப் பெரிதாக ஒரு கடி கடித்துக்கொண்டாள். வாயில் சாப்பாடு இருக்கும்போது பேசக் கூடாது அல்லவா?