இணைப்பில்லாத முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்

கடையடைப்பு நாள் காலை பத்து மணிக்கு அந்த மாடி அறையில் இருந்தவர்கள்: ஜீவா, சாதிச் சங்கத்துக்காக வம்சாவளியைக் கணினியில் ஏற்றுகிறவன். எழில்மதி, பக்கத்துக் கணினியில் அதே வேலை செய்கிறவள். இருசப்பன், தலையாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், படிவங்களை வாசித்துக் காட்டுகிறவர். சின்னதுரை, சங்கச் செயலாளர், பத்து நிமிடம் நின்று பேசிவிட்டு மறியலுக்குக் கிளம்பியவர்.

ஆக நான்கு பேர். கதவுக்கு வெளியே ஐந்து ஜோடி செருப்பு கிடந்தது.

சின்னதுரை தன்னுடையதை மாட்டிக்கொண்டு போனபின் நான்கு. உள்ளே மூன்று பேர். மிஞ்சிய ஜோடி ஒரு ரப்பர் செருப்பு, இளம்பெண்ணின் கால் அளவு, வலது வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருந்தது. கீழே உரக்கடைக்கு வந்தவர்கள் யாராவது விட்டுப் போயிருப்பார்கள் என்றார் இருசப்பன். உரக்கடை மூன்று நாளாகத் திறக்கவில்லை என்று அவருக்கும் தெரியும். எழில்மதி அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள்.

அந்த மார்கழி முழுவதும் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் நடந்துகொண்டிருந்தது. அரசாங்கம் எண்ணாவிட்டால் நாமே எண்ணிக் காட்டுவோம் என்று சங்கம் முடிவெடுத்து, திருக்கோவிலூரிலிருந்து நைனார்பாளையம் வரை வீடு வீடாக ஆள் அனுப்பிப் படிவம் வாங்கியிருந்தது. அப்பன், பாட்டன், பூட்டன், யாருக்கு யார் பிள்ளை, யாரை யார் கட்டினார்கள். எல்லாம் ஒரே மரமாகக் கணினியில் ஏறவேண்டும். நாற்பத்தோராயிரம் பேர் ஏறினார்கள். அதில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் மட்டும் எந்தக் கிளையிலும் ஒட்டாமல் நின்றார்கள். அப்பன் இல்லை, அம்மா இல்லை, துணை இல்லை, பிள்ளை இல்லை. வெறும் பெயர், வயது, ஊர். மென்பொருள் அவர்களைத் தனிப் பட்டியலில் வைத்திருந்தது. இணைப்பில்லாதவர்கள் என்று தலைப்பு. மாலை ஐந்து மணிக்குள் அந்தப் பட்டியல் காலியாகவேண்டும். ஒட்டவை, முடியாவிட்டால் நீக்கு. ஜீவாவின் அன்றைய வேலை அவ்வளவுதான்.

முதல் நூறு பேர் சுலபம். வயதான பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். படிவம் எழுதப் போன பையன்கள் பக்கத்தில் கேட்டு எழுதாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். இருசப்பனுக்கு ஊர்கள் அத்தனையும் தெரியும். இது இன்னார் சம்சாரம், அது இன்னார் அண்ணி என்று சொல்லச் சொல்ல ஜீவா ஒட்டவைத்துக்கொண்டே போனான்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் வேறு மாதிரி.

"பாப்பாத்தி, பத்தொம்பது, நைனார்பாளையம்" என்று வாசித்த இருசப்பன் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். அப்பன் பெயர் எழுதி, வேறு மையால் அடித்திருந்தது. "இது ஓடிப்போன பொண்ணு. அப்பங்காரன் மொட்டை போட்டுக்கினு கருமாதியே பண்ணிட்டான். நீக்கு."

"உசுரோட இருக்குதா?"

"அது எனக்கு இன்னா தெரியும்? கருமாதி சோறு தின்னேன். நல்லாருந்துது."

எழில்மதி சிரித்தாள். ஜீவா நீக்கினான். உறுதியாகவா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஓசூர்த் தொழிற்சாலையில் இரண்டு வருடம் இரவுப் பணியில் பெல்ட்டில் வரும் பொருளைப் பார்த்துப் பார்த்துத் தள்ளியவன். கண் பார்க்கும், விரல் அழுத்தும், மற்றது தூங்கும்.

கடைகள் மூடிய தெருவில் வண்டிச் சத்தம் இல்லாததால், மற்ற நாட்களில் காதுக்கு வராததெல்லாம் வந்தது: மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை முனகுவது, சுவருக்குள் தண்ணீர்க் குழாய் சொட்டுவது, தூரத்தில் கச்சேரி சாலையில் மைக்கில் யாரோ கத்தி அது இங்கே வருவதற்குள் வெறும் இரைச்சலாக மாறுவது, பிறகு அதற்கும் கீழே, மிக அருகில், மாடிப்படியில் யாரோ முழங்காலில் கை ஊன்றி மெல்ல உட்கார்ந்து நீளமாக மூச்சு விடுவது. அலுவலகங்களில் காத்திருப்பவர்கள் விடும் மூச்சு. கூப்பிடும்வரை இருக்கிறோம் என்கிற மூச்சு.

ஜீவா எழுந்து கதவைத் திறந்தான். படியில் யாரும் இல்லை. ஒன்பது ஜோடி செருப்பு இருந்தது.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். காலையிலிருந்து எத்தனை பேரை நீக்கினோம் என்று திரையில் பார்த்தான். ஐந்து. ஐந்தாவது ஆளை நீக்கும்போது இன்னொரு மூச்சு கேட்டதா என்று யோசித்தான். அடுத்த படிவத்தைக் கேட்டான்.

மதியத்துக்குள் நாற்பது பேரை நீக்கியிருந்தான். கூட்டிக்கொண்டு ஓடியவர்கள், ஓடிப்போனவர்கள், சொத்தில் பங்கு கேட்டவர்கள், பிறவியிலேயே புத்தி சரியில்லாதவர்கள். வீட்டில் எண்ணிச் சொல்லும்போது வாய் தவறி வந்துவிட்டு, பிறகு ஆள் அனுப்பி எடுத்துவிடச் சொன்ன பெயர்கள். அறையில் வியர்வையும் பச்சைக் கரும்புச் சோகையும் கலந்த வாடை கனமாக நின்றது. கதவுக்கு அப்பால் இருமல்கள். வாயை மூடிக்கொண்டு, அடுத்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இருமும் இருமல். ஒரு குழந்தை எதையோ கேட்டது. யாரோ உஸ் என்றார்கள்.

சாப்பிட வீட்டுக்குப் போவதாகச் சொல்லி எழில்மதி கதவைத் திறந்தாள். வெளியே குனிந்து வெகுநேரம் எதையோ தேடினாள். பிறகு நிமிர்ந்து, ஜீவாவைத் திரும்பிப் பார்க்காமல், சுவரை ஒட்டி ஒவ்வொரு படியாக இறங்கினாள். வெறுங்காலோடு போனாள். அப்புறம் வரவில்லை. போன் அடித்தும் எடுக்கவில்லை.

நாலரை மணிக்குச் சின்னதுரை வந்தார். அதற்குள் எழுபத்திரண்டு பேர் போயிருந்தார்கள். தோளில் துண்டு, முகக்கவசம் தாடையில்.

"இன்னாய்யா இவ்ளோ செருப்பு? கூட்டம் எதுனா போட்டிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். இருசப்பன் படிவத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. சின்னதுரை நாற்காலியை ஜீவா பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஒங்க பெரியப்பா போன் பண்ணாரு, ஜீவா. மரத்துல மலைக்காரி பேரு இன்னாத்துக்குன்னு கேக்கறாரு."

ஜீவாவின் அம்மா குஞ்சம்மாள் கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்ட இறங்கியவள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வெட்டிய ஒரு பருவத்தில் அப்பாவைப் பார்த்து, அவரைக் கட்டிக்கொண்டு கீழேயே தங்கிவிட்டாள். அப்பா வீட்டார் அவளைப் படி ஏறவிட்டதில்லை. அப்பா செத்த அன்றும் தெருவில்தான் நின்றாள். மூன்று மாதத்துக்கு முன் தங்கள் வீட்டுப் படிவத்தை ஏற்றும்போது அப்பா, அம்மா, பிள்ளை என்று ஜீவாதான் ஏற்றினான். அன்று ஏழெட்டு முறை அந்த மூன்று கட்டங்களையும் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இத நாளைக்குத் தூக்கிக் காட்டுனா எதிராளி மொதல்ல அதத்தான் தோண்டுவான்" என்றார் சின்னதுரை. "திருக்கோவிலூர் கெளைக்கு ஒன் பேரத்தான் எழுதி வெச்சிருக்கேன். பொறுப்புல இருக்கறவன் கெள சுத்தமா இருக்கணுமா இல்லியா?"

"அவங்க எங்கம்மாங்க."

"யாரு இல்லேன்னது? வூட்ல அம்மாவா இருக்கட்டும், சோறு போடட்டும். கம்ப்யூட்டர்லயும் இருக்கணுமா இன்னா?" தோளில் தட்டினார். "நீயே எடுத்துடு. வேற யார்னா எடுத்தா ஒனக்குக் கஷ்டமா இருக்கும்."

திருக்கோவிலூர் என்றால் தனி அறை, தனி நாற்காலி, ஓசூருக்குத் திரும்பவேண்டாம். எடுக்காவிட்டால் நாளையே இந்த நாற்காலியும் இல்லை. இரண்டையும் அவன் சில நொடிகள் பார்த்தான். வலிக்கும் என்று காத்திருந்தான். வலிக்கவில்லை. வெளியே இருமல் நின்றிருந்தது. படி முழுவதும் கவனித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

முதலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே இருந்த திருமணக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தான். துண்டி. துண்டித்தது. அம்மா தானாகப் பட்டியலுக்கு வந்து சேர்ந்தாள். அதுவரை பட்டியலில் நூற்று நாற்பது பேர் மிச்சம். இப்போது நூற்று நாற்பத்தொன்று இருக்கவேண்டும். நூற்று நாற்பத்திரண்டு என்று காட்டியது. காலையில் எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கும் என்று நினைத்தான்.

"டைம் ஆச்சு. ஒண்ணு ஒண்ணா இன்னாத்துக்கு? மொத்தமாத் தூக்கு" என்றார் சின்னதுரை.

அனைத்தையும் நீக்கு. உறுதியாகவா? ஆம்.

பூஜ்யம்.

சின்னதுரை பென்டிரைவில் நகல் எடுத்து உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஜீவா ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தேடும் இடத்தில் தன் பெயரைத் தட்டினான். ஜீவா, இருபத்தாறு, கள்ளக்குறிச்சி. அப்படி ஒருவரும் இல்லை என்றது திரை. அப்பா பெயரைத் தட்டினான். அப்பா இருந்தார். பிள்ளை இல்லாத அப்பா.

அப்போதுதான் உறைத்தது. அந்த மென்பொருளில் பிள்ளை அப்பனிலிருந்து தொங்குவதில்லை. அப்பன், அம்மா இருவருக்கும் நடுவே இருக்கும் திருமணக் கட்டத்திலிருந்துதான் தொங்கும். கட்டத்தை வெட்டினால் பிள்ளையும் விழும். ஏழு மாதமாக இதே வேலை செய்கிறவன். கூட வந்த அந்த ஓர் ஆள் அவன்தான்.

"தலைவரே, எம் பேரும் போயிடுச்சு."

சின்னதுரை எழுந்து துண்டை உதறிப் போட்டார். போனில் யாரிடமோ முடிந்தது, சுத்தமாக இருக்கிறது என்றார். ஜீவா இன்னொருமுறை சொன்னான். அவர் கண் அவன்மேல் பட்டு, சுவர்மேல் படுவதுபோல் நகர்ந்தது.

"உள்ள யாரும் இல்லியே?" என்று இருசப்பனைக் கேட்டார்.

"யாரும் இல்லீங்க."

விளக்கை அணைத்துவிட்டு இருவரும் இறங்கினார்கள். பூட்டுவது ஜீவாவின் வேலை என்பதால் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போனார்கள். திரையின் வெளிச்சத்தில் அவன் தன் கைகளைப் பார்த்தான். இருந்தன.

வெளியே வந்தபோது படிகளில் ஒரு செருப்பும் இல்லை. ஆளும் இல்லை. ஈரமான கால் தடங்கள் மட்டும் கீழ்நோக்கிப் போயிருந்தன, தெருவில் இறங்கி, இடது பக்கம் திரும்பி. அவன் வீடு இருக்கும் பக்கம்.

மணி ஐந்தரை. வண்டியை எடுத்தான். சாலையில் டயர் எரித்த கரி. வழியில் போலீஸ்காரர் ஒருவர் தடுப்புக் கம்பியைக் குறுக்கே இழுத்துவிட்டார். அவனை நிறுத்தவில்லை. அவன் வருவதைப் பார்க்கவில்லை. வண்டி கம்பியை உரசித் தாண்டியது.

ஊர்க்கோடியில் அவர்கள் வீடு. ஒற்றை அறை, ஓடு. கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை. அம்மா வாசற்படியில் கையில் துணிப்பையோடு நின்றிருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். அவனைப் பார்த்தாள். நேராக, அவன் முகத்தை. காலையிலிருந்து அவனை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

"வந்துட்டியா" என்றாள். "ரொம்ப நேரமா ஒன்னத்தான் கேட்டுக்கினு இருக்காங்க."

"யாரும்மா?"

"உள்ள போ. எல்லாருக்கும் கஞ்சி ஊத்திட்டேன். குடிச்சாங்க. ஆனா அதுக்காக வரல அவங்க."

அவன் படி ஏறினான். கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுத்தது. முதலில் வாடை. பச்சைச் சோகை, வியர்வை. பிறகு மூச்சு. நிறைய மூச்சு. தரையில் சம்மணமிட்டு, சுவரோடு சுவராக, அடுப்படி வரை, கட்டிலின்மேல், கட்டிலின்கீழ். முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு. பெண்கள்தான் அதிகம். ஒரு குழந்தை. யாரும் கோபமாக இல்லை. எல்லா முகமும் அவன் பக்கம் நிமிர்ந்திருந்தது. நடுவில் ஒரே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"யாரு வூட்டுப் புள்ள நீ?" என்று கேட்டாள் முன்னால் இருந்த இளம்பெண். பத்தொன்பது வயது இருக்கும். கேட்ட குரலில் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ள மட்டுமே கேட்டாள்.

பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். "யாரு வூட்டுப் புள்ள?"

அதற்கு அடுத்தவர். அதற்கு அடுத்தவர்.

அவன் வாயைத் திறந்தான். அப்பா பெயரைச் சொல்லப் போனான். வரவில்லை. நாக்கு இருந்தது. பெயர் இல்லை.

"அம்மா, நீ சொல்லு" என்று திரும்பினான்.

அவள் படிக்கு வெளியே நின்றிருந்தாள். "நான் மலைக்குப் போறேன்டா. அங்க எங்கண்ணன் பொண்டாட்டி இருக்குது. என்னத் தெரியும் அவங்களுக்கு."

"நானும் வரேன்."

"ஒன்ன யாருன்னு சொல்லிக் கூட்டிக்கினு போறது?"

குரலில் கோபம் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவை இழுத்தாள். வெளிச்சம் ஒரு கோடாகி நின்றது. இருட்டில் யாரோ அவன் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக, உட்கார் என்பதுபோல் கீழே இழுத்தார்கள்.

கோடு போனது. நாதாங்கி விழுந்தது. பூட்டு மாட்டும் சத்தம். சாவி ஒருமுறை திரும்பியது.