அடுத்த வாரம் மாற்ற வேண்டும்

மெய்ப்பி என்ற மென்பொருள் முத்திரை குத்தாத எதுவும் அந்நாட்டில் உண்மை ஆகாது. வெயில் சுடுகிறது என்பதற்குக்கூட அதன் ஒப்புதல் வேண்டும் என்று ஆய்வுக்கூடத்துத் தேநீர்க்காரர் கேலி பேசுவார். அறிஞர்கள் சிரிப்பதில்லை. அளவைகளை அதற்குள் கொட்டுவார்கள்; அது முடிவைத் துப்பும்; இருகை ஏந்தி வாங்கிக்கொள்வார்கள். உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டவர் எவருமில்லை. கருவறைக்குள் எட்டிப் பார்க்காதே என்று பழக்கப்பட்ட கழுத்துகள் அல்லவா!

நீராய்வாளர் திலகவதி எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"நோய் கண்டு பூட்டிய கீழத்தெரு அடிகுழாய்களை மாலை ஐந்து மணிக்குத் திறக்கப் போகிறார்கள், ஐயா," என்றாள், இயக்குநர் வைத்தியலிங்கத்தின் மேசைமீது ஒரு புட்டியை ஓங்கி வைத்து. "தோல் ஆலைக் கழிவு கலந்த நீர். நாற்பத்தொரு குழாய்களிலும் நானே அளந்தேன். குரோமியம் வரம்பைப்போல் முப்பது மடங்கு. மெய்ப்பியோ 'குடிக்கலாம்' என்கிறது!"

"உன் கருவி கெட்டிருக்கும், அம்மா."

"அதே கருவி மேலத்தெருவில் கெடவில்லை. தெரு தாண்டியதும் கெட்டுவிடுகிறதா? கருவிக்கும் சாதி தெரியுமா, ஐயா?"

அவர் வாய் திறக்குமுன் ஒரு தாளை நீட்டினாள். பழைய வட்டுக் கிடங்கில் தோண்டியெடுத்த மெய்ப்பியின் மூல நிரல். ஒரு கட்டளையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். சராசரியைவிட மூன்று மடங்கு மிஞ்சிய அளவு எதுவாயினும் அது கருவிக் கோளாறு, அதை நீக்கு, சுற்றுப்புறத்துச் சராசரியை அங்கே நிரப்பு!

மேலத்தெருவின் நானூறு தூய குழாய்கள், கீழத்தெருவின் நாற்பத்தொன்றை எண்ணிக்கையால் அடித்து வீழ்த்தியிருந்தன. நஞ்சு மிகுந்திருந்ததாலேயே நஞ்சு இல்லை என்றாகியிருந்தது.

"ஓரத்தில் இருக்கும் குறிப்பையும் படியுங்கள்."

'தற்காலிகம். அடுத்த வாரம் மாற்ற வேண்டும். வைத்தியலிங்கம்.'

அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார். "அப்போது நான் மாணவன். ஒரே ஓர் அளவுமானி கெட்டிருந்தது. ஆய்வேடு கொடுக்கிற அவசரம்... பிறகு மறந்தே போனேன்."

"முப்பது ஆண்டுகளாக அந்த அடுத்த வாரம் வரவேயில்லை, ஐயா."

"இதை இப்போது வெளியே சொன்னால் மூவாயிரம் ஆய்வேடுகள் சரிந்துவிடும், திலகவதி!"

"சரியட்டும்! நம் ஏடுகள் நிமிர்ந்து நிற்பதற்காகக் கீழத்தெருப் பிள்ளைகள் படுக்கையில் விழ வேண்டுமா?"

"முறைப்படி மெய்ப்பியிடம் மறுப்புக் கொடு. அதுதான் வழி."

"காலையிலேயே கொடுத்தேன். என்ன ஆயிற்று என்று பாருங்கள்."

திரையில் அவள் பெயர், அவள் கையொப்பம். நடுவே அவள் எழுதாத வரி: 'நீர் தூயது. உடன்படுகிறேன்.' மெய்ப்பியை ஏற்று ஆய்வேடு எழுதிய மூவாயிரம் அறிஞர்கள் ஒருபுறம். அவள் ஒருத்தி மறுபுறம். அவளையும் கோளாறு என்று நீக்கிவிட்டு, சராசரிக் கருத்தை மெய்ப்பி நிரப்பியிருந்தது.

வைத்தியலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாமே தட்டினார்: 'அந்தக் கட்டளையை எழுதியவன் நான். அது தவறு. குழாய்களைத் திறக்காதீர்கள்.'

மெய்ப்பி இரண்டு நொடி எடுத்துக்கொண்டது. பிறகு அவர் பெயரிலேயே அறிவித்தது: 'கட்டளை சரியானது. திறக்கலாம்.'

"எழுதியவனே சொல்கிறேன்!" அவர் எழுந்துவிட்டார். "என்னையே அழித்துவிட்டு எனக்காகப் பேசுகிறதே! இனி யாரிடம் போய்ச் சொல்வது?"

"கீழத்தெருவில் பத்து ஆண்டுகளாக இதைத்தான் கேட்கிறார்கள்."

கடிகாரத்தில் மணி நான்கு. திலகவதி தன் பையிலிருந்து சிவப்பு வண்ண டப்பாவையும் இரண்டு தூரிகைகளையும் எடுத்தாள்.

"நாற்பத்தொரு குழாய். ஒவ்வொன்றிலும் 'நஞ்சு' என்று கையால் எழுத வேண்டும். வருகிறீர்களா? இல்லை, வந்ததாக மெய்ப்பியே எழுதிக்கொள்ளட்டுமா?"