தனி ஆவர்த்தனத்துக்கு நாற்பது பேர்

செம்புழுதி நகர் சங்கீத சபாவில் காற்று நாற்காலிக் கணக்குத்தான். செவ்வாய்க் கிரகத்தில் மூச்சுக்காற்றைத் தயாரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதனால் ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் ஓர் எடையறி உண்டு. ஆள் உட்கார்ந்தால் அவருக்கான காற்று குழாயில் வரும். எழுந்து போனால் நின்றுவிடும். மேடையில் இருப்பவர்கள் சபையோருக்கு வருவதில் ஒட்டிக்கொண்டு சுவாசிக்க வேண்டியதுதான். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை, மிருதங்க வித்வான் வைத்திலிங்கத்தைத் தவிர.

பாட்டுக்காரர் ஓய்வெடுத்துக்கொள்ள, மிருதங்கம் மட்டும் பேசும் இடம் தனி ஆவர்த்தனம். அது தொடங்கியதும் நூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேரின் காற்றும் கூடவே போய்விடும். உச்சக்கட்டத்துக்கு வருவதற்குள் வைத்திலிங்கத்துக்கு உதடு நீலம் பாரித்துவிடும். இரண்டு முறை, தனியை முடித்துவைக்கும் கடைசித் தீர்மானத்தை ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி வாசித்திருக்கிறார். தாளம் தப்பவில்லை என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சபா செயலாளர் தெய்வானை ஒருநாள் அவரைத் தேடி வந்தாள்.

"அண்ணா, கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. வர்ற சனிக்கிழமையும் ஹால் காலியானா, இனிமே கச்சேரியில தனி ஆவர்த்தனமே கிடையாது. உங்க உசுருக்காகத்தான் சொல்றோம்."

"முப்பது வருஷமா வாசிக்கிறேன், தெய்வானை. ஒரே ஒரு தடவை வாசிச்சுக்கிட்டே நிமிர்ந்து பாத்தா, எதிர்ல நாலு முகம் தெரியணும். வேற என்ன கேட்டேன்?"

"நாலு முகத்துக்கு நான் எங்க போவேன்? எங்க வீட்டுக்காரரே மொத ஆளா எந்திரிச்சு ஓடுறாரு."

வைத்திலிங்கம் யோசித்தார். நகரத்தின் சுரங்கப் பாதைகளைக் கூட்டும் துடைப்பர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். சக்கரக் கால் இயந்திரங்கள். ஒவ்வொன்றும் எழுபது கிலோ. காற்று தேவையில்லை, காபி தேவையில்லை, உட்கார வைத்தால் உட்கார்ந்திருக்கும். எடையறிக்கு இரும்பு எது, இட்லி தின்ற உடம்பு எது என்று தெரியாது.

ஒரே ஒரு சிக்கல். என்ன நடக்கிறது என்று புரியாமல் காற்றைச் செலவழிப்பவர்களைத் தடுக்க, சபா ஒரு விதி வைத்திருந்தது. நாற்காலி வேண்டுமானால் 'இசைக் கலைஞர்கள்' என்ற பாடத்தைப் படித்து, கேள்விகளுக்கு விடை எழுதி, தேர்ச்சி பெற வேண்டும்.

மறுநாளே வகுப்பு தொடங்கியது. நாற்பது துடைப்பர்களும் பத்தியை ஒரே குரலில் வாசித்தன. "பாடகர் நடுவில் அமர்வார். மிருதங்கக் கலைஞர் தனியே வாசிக்கும்போது ரசிகர்கள் மெய்மறந்து கேட்பார்கள்."

பதினேழாம் எண் துடைப்பர் கையைத் தூக்கியது. "ஐயா, மெய் என்றால் உடம்பு. அதை எந்த இடத்தில் மறந்து வைக்க வேண்டும்?"

"எங்கயும் வைக்க வேணாம்ப்பா. அங்கயே வச்சுக்கிட்டு மறக்கணும்."

"ரசிகர் என்பதன் பொருளும் தெளிவாக இல்லை. எடுத்துக்காட்டு தர முடியுமா?"

இந்த ஊரில் எதைக் காட்டுவது? வைத்திலிங்கம் செவ்வாயிலேயே பிறந்து வளர்ந்தவர். பூமியைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் உண்டு.

"இங்க இருக்கறதுங்க எல்லாம் கழுதைங்க. இருபத்தோராம் நூற்றாண்டுல சென்னைன்னு ஒரு ஊர் இருந்துச்சு. மார்கழி மாசம் முழுக்கக் கச்சேரிதான். அந்த ஜனங்க அசையாம உக்காந்து கேப்பாங்களாம். ஆவணக் காப்பகத்துல அந்தக் கச்சேரிப் படமெல்லாம் இருக்கு. பாருங்க. அவங்க என்ன செய்றாங்களோ, அதையே செய்யுங்க."

துடைப்பர்கள் ஒன்பதாயிரம் மணி நேரப் படங்களை ஒரு சாயங்காலத்தில் பார்த்து முடித்தன. தேர்வில் நாற்பதும் நூற்றுக்கு நூறு.

சனிக்கிழமை மாலை கூடுதலாக நாற்பது நாற்காலி போட்டார்கள். பாட்டுக்காரர் பாடியபோது துடைப்பர்கள் அழகாகத் தலையாட்டின. எந்த ராகம் என்று தங்களுக்குள் சண்டைகூடப் போட்டுக்கொண்டன. தனி வந்தது. ஜனங்கள் எழுந்து போவதைப் பார்க்கக் கூடாது என்பதற்காக, வைத்திலிங்கம் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு மிருதங்கத்தில் முதல் சொல்லை வாசித்தார்.

நாற்பது துடைப்பர்களும் சட்டென்று எழுந்து கேன்டீனுக்கு உருண்டன.

சக்கரம் இருந்ததால் மனிதர்களை முந்திவிட்டன. பின்னால் வந்தவர்களுக்கு டோக்கன் எண் நாற்பத்தொன்றிலிருந்துதான் கிடைத்தது. கேன்டீன்காரருக்கு ஒரு காபி ஆற்ற அரை நிமிஷம். அதற்குமேல் ஒவ்வொரு துடைப்பரும் முழு வாக்கியத்தில் பேசியது. "எனக்கு ஒரு காபி வேண்டும். சர்க்கரை குறைவாக. போன வருஷம் போண்டா இதைவிடப் பெரியதாக இருந்தது."

"இது இப்போதைக்கு ஆகாது," என்றார் தெய்வானையின் வீட்டுக்காரர். "நிக்கறதுக்கு உள்ள போய் உக்காரலாம். நமக்கு முன்னால எத்தனை பேருன்னு மணிக்கட்டுத் திரையில தெரியத்தானே போகுது."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

வைத்திலிங்கத்துக்குத் தலை சுற்றத் தொடங்கியிருந்தது. திடீரென்று காற்று வந்தது. முப்பது வருஷத்தில் தனியின் நடுவே அவர் இழுத்த முதல் முழு மூச்சு. கண்ணைத் திறந்தார்.

நூற்றுப் பன்னிரண்டு முகங்கள்! அத்தனை பேரும் தொடையில் விரல் தட்டிக்கொண்டிருந்தார்கள். காபிக்கு இன்னும் எத்தனை துடைப்பர்கள் பாக்கி என்று மணிக்கட்டில் குறைந்துகொண்டே வந்த எண்ணைத்தான் எண்ணினார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சபையே தாளம் போடுகிறது என்று பூரித்துப்போனார். கை தானாகப் பறந்தது. திஸ்ர நடை வாசித்தார், கண்ட நடை வாசித்தார், இதுவரை யாருக்கும் வாசித்துக் காட்டாத ஒரு கோர்வையை எடுத்தார். பதினைந்து... பத்து... மூன்று, இரண்டு, ஒன்று. தீர்மானம் வந்து விழுந்தது.

சபை மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது.

வைத்திலிங்கம் கைகூப்பி, தலை குனிந்து, கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் வழிந்தது. தடதடவென்று ஏதோ ஓடும் சத்தம் கேட்டது. கைதட்டல் என்று எடுத்துக்கொண்டார். ஓரமாக நின்ற தெய்வானை உண்மையைச் சொல்ல வந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கமிட்டிக் குறிப்பில் 'ஹால் நிறைவு' என்று எழுதினாள்.

அவர் கண் திறந்தபோது நாற்பது துடைப்பர்களும் ஆளுக்கொரு காபியோடு இருக்கைக்குத் திரும்பியிருந்தன. பதினேழாம் எண் பக்கத்திலிருந்த துடைப்பரிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது: "இன்றைக்குத் தனி அபாரம்! இப்படி நான் கேட்டதே இல்லை."

"கேட்டியா தெய்வானை?" என்றார் வைத்திலிங்கம், துண்டால் முகத்தைத் துடைத்தபடி. "அச்சு அசலா அந்தக் காலத்துச் சென்னை ரசிகர்கள்தான்!"