ஓமவாட்டர் பாட்டிலின் நான்கு வரிகள்

1981, ஐப்பசி. மாலை நாலரை மணி. திருமங்கலத்தில் மழை வருவதும் போவதுமாக இருந்தது. பருத்திக் காட்டிலிருந்து திரும்பிய ஒச்சாயி, ஊஞ்சலில் படுத்திருந்த மாமியார் ரெங்கம்மாளை எழுப்பினாள். அசைவில்லை. ஊஞ்சல் மட்டும் காற்றில் மெல்ல ஆடியது. வலது கட்டைவிரலில் ஊதாக் கறை. முகத்தில், எங்கோ ஆற்றோரம் நடந்து போகிறவளின் சிரிப்பு.

பக்கத்து வீட்டு முருகம்மாள் ஓடிவந்து, ரெங்கம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்க்க உதவினாள்.

"தூக்க மாத்திரை. அளவு மீறியிருக்கு. விடியட்டும், பாப்போம்" என்றார் டாக்டர்.

முருகம்மாள் கடைகளில் எடையும் லேபிளும் சோதிக்கும் முத்திரை ஆய்வாளர். இந்த ஆடியில் வந்த புது லேபிள் விதியை மதுரைச் சிம்மக்கல் வியாபாரிகளுக்கு விளக்கி விளக்கித் தொண்டை கட்டியவள்: பொடி எழுத்தில் இருபது வரி வேண்டாம், பெரிய தமிழ் எழுத்தில் நான்கு வரி போதும்.

ஆறு மணி, ஒச்சாயியின் வீடு. சப்-இன்ஸ்பெக்டர் கருத்தக்கண்ணன் ஊஞ்சலருகே கிடந்த ஓமவாட்டர் பாட்டிலைக் காட்டினார்.

"யாரு ஊத்திக் குடுத்தது?"

"நாந்தான் சார். வாரம் ஒருக்கா சாப்பிட்டதும் குடிப்பாக, செரிமானத்துக்கு. இன்னைக்குக் குடுத்துட்டுக் காட்டுக்குப் போயிட்டேன்" என்றாள் ஒச்சாயி.

செய்தி கேட்டு வந்திருந்த ரெங்கம்மாளின் தம்பி விருமாண்டி குறுக்கிட்டான். "சித்திரைத் திருவிழாவுல நான் வாங்கிக் குடுத்த பாட்டில் சார். அக்கா பேரை நானே எழுதுனேன், பாருங்க. அதுக்கப்புறம் இந்த வாசப்படி மிதிக்கல. இவதான் எதையோ கலந்திருக்கா."

லேபிளின் ஓரத்தில் பேனாவால் 'ரெங்கம்மாள்' என்றிருந்தது.

முருகம்மாள் பாட்டிலை ஜன்னலருகே தூக்கிப் பிடித்தாள். மழை வெளிச்சம் அதற்குள் மிதந்தது.

"இதே பாட்டில்தானாண்ணே?"

"இதேதான்."

"எழுத்து உங்களதா?"

"சத்தியமா."

"பெயர், தயாரிப்பாளர், அளவு, விலை. பெரிய எழுத்துல நாலே வரி. இந்த லேபிள் ஆடிக்கு அப்புறந்தான் கடைக்கே வந்துச்சு. பழைய பாட்டிலை எடுத்துட்டு, மாத்திரை கலந்த இதை வச்சிருக்கீக. பேரை மட்டும் மறக்காம எழுதுனீக. லேபிளைப் படிக்கல."

"எதுக்காகம்மா?" என்றார் கருத்தக்கண்ணன்.

"அந்தம்மா கட்டைவிரல்ல மை இருக்கு சார். தூங்குறவ கிட்ட கைநாட்டு வாங்கியிருக்காரு."

"தெக்குக் காட்டை எழுதிக் குடுன்னு அத்தைய எம்புட்டு நாளா அரிச்சாரு!" என்று ஒச்சாயி உடைந்து அழுதாள்.

விருமாண்டியின் மடியைச் சோதித்தபோது, கைநாட்டு மை காய்ந்த பத்திரம் வந்தது.

விடிந்தபோது ரெங்கம்மாள் கண் திறந்தாள். நடந்ததை முருகம்மாள் மெதுவாகச் சொன்னாள். உள்ளே வரத் தயங்கி வாசலில் நின்ற மருமகளை ரெங்கம்மாள் கண்டாள்.

"ஏன் தாயி அங்கயே நிக்குற? பசிக்குது. நீயே ஊட்டி விடு."