இடப்பக்கத்து நோவொளி

ஜெசிந்தாவின் சிலம்பக் கம்பு மதுவந்தியின் இடது இடுப்புக்கு ஒரு விரற்கடை தள்ளி அந்தரத்தில் நின்றுவிட்டது.

நல்ல வீச்சு. மதுவந்தியால் அதைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் அந்த இடத்தில், சட்டைத் துணிக்கு அடியில், நோவொளி வில்லை செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. கம்பு தயங்கிய அந்த அரை நொடியில் மதுவந்தியின் கம்பு நுனி ஜெசிந்தாவின் தோளைத் தொட்டு, நுனியில் தோய்த்திருந்த நீலப்பொடியால் ஒரு பொட்டு வைத்தது.

"புள்ளி மதுவந்திக்கு! ஆட்டமும்!" என்றார் பயிற்சியாளர்.

"சாரிக்கா, ரொம்பப் பக்கத்துல கொண்டுவந்துட்டேன்" என்றாள் ஜெசிந்தா. அடி வாங்கியவள் அவள்தான். மன்னிப்புக் கேட்டதும் அவள்தான்.

இத்துடன் தொடர்ச்சியாக ஏழாவது வெற்றி. நாற்பத்து நான்கு வயதில் இருபத்தாறு வயதுக்காரியை வென்றுவிட்டு, மதுவந்தி சிங்காநல்லூர் மைதானத்தின் வேலியோரம் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். முகத்தில் மட்டும் ஜெயித்த களை இல்லை.

அவளுடைய இடது இடுப்பில், தொடையெலும்பின் உருண்டை வந்து உட்காரும் கிண்ணம் பிறவியிலேயே ஆழம் குறைவு. இருபத்தைந்து வயதில் தொடங்கிய வலி. பத்து வருடம் எந்த மருத்துவரும் நம்பவில்லை. எடையைக் குறைக்கச் சொன்னார்கள், கவலையைக் குறைக்கச் சொன்னார்கள். மாமியார்கூட ஒரு தடவை, "மாடிப்படி கூட்டறப்ப மட்டும் எப்படித்தான் வலி வருதோ" என்று சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு.

அப்போதுதான் நோவொளி வந்தது. ஐந்து ரூபாய் நாணயம் அளவு வில்லை. வலி வந்தால் உடல் முழுக்க ஒரு மெல்லிய மின்னதிர்வு பரவும். வில்லை அதைத் தோலின் வழியே படித்து ஒளியாக்கும். வலியில்லை என்றால் வெளுப்பு, ஓரளவு என்றால் மஞ்சள், தாங்க முடியாவிட்டால் சிவப்பு. வலிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முதன்முதலாக அது அவள் இடுப்பில் சிவந்தபோது, கணவன் திருக்குமரன் நேராகச் சமையலறைக்குப் போய் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வைத்தான். அன்றிலிருந்து அந்தக் கேனை அவள் தொட்டதில்லை.

ஒன்பது வருடத்தில் ஊரே மாறிவிட்டது. பேருந்தில் ஒளியைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தார்கள். அலுவலகங்களில் விடுப்புக்குக் காரணம் எழுதும் பழக்கம் போயிற்று. எரிகிற இடத்தில் யாரும் கை வைப்பதில்லை; சிலம்பத்திலும் அப்படித்தான். விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது. ஆனாலும் ஈரோட்டுப் பையன் ஒருவன் ஒருமுறை எரிகிற முழங்காலில் அடித்துவிட்டான். அதற்குப் பிறகு அவனோடு கம்பு சுற்ற எவரும் முன்வரவில்லை.

மருத்துவர் நடைப்பயிற்சி என்று சொன்னதைச் சிலம்பமாக்கிக்கொண்டவள் மதுவந்தி. வலி குறையவில்லை. நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்ட மாமனாரைப் போல அது. அவரைச் சுற்றித்தான் பெருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று பழகிக்கொண்டாள். மைதானத்துக்கு அரை மணி முன்னால் வந்து காலை ஆட்டி ஆட்டி இடுப்பு மூட்டைச் சூடாக்குவாள். தாழ்ந்து நிற்கும் நிலைகளைக் கைவிட்டாள். மற்றவர்கள் ஒரே சுழற்சியில் திரும்பும் இடத்தில் இரண்டு அரையடியாக வைத்துத் திரும்புவாள். அந்த அரையடி அழகாக இருப்பதாகச் சொல்லிச் சின்னப் பெண்கள் சிலர் வலியே இல்லாமல் அதைப் பழகினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கான தேர்வு ஆட்டம். கோவையிலிருந்து ஒருவர்தான். மதுவந்தியா, ஜெசிந்தாவா?

"ஜெசி, இங்க வா. ஞாயித்துக்கெழம என்ற இடப்பக்கம் அடிப்பியா?"

"விளையாடாதீங்கக்கா."

"நிஜமாத்தான் கேக்கறேன். மூணு வருசமா எனக்கு இடப்பக்கம் ஒரு அடி விழல. அங்க வர்ற அடியத் தடுக்க முடியுமான்னே எனக்குத் தெரியாது. நான் ஜெயிக்கறனா, இல்ல இந்த லைட்டு ஜெயிக்குதா?"

"மூடி வெச்சுட்டு வாங்க."

"மூடுனாலும் கழட்டுனாலும் களத்துல எறங்க விடமாட்டாங்க, தெரியும்ல."

ஜெசிந்தா கம்பைத் தரையில் ஊன்றி யோசித்தாள். "அடிக்கோணும்னுதாங்க்கா வர்றேன். செவப்பப் பாத்ததும் என்ற கை தானா நின்னுக்குது. எங்கம்மாவே வந்து அடிடீன்னாலும் முடியாது."

அவள் பொய் சொல்லவில்லை. இந்தத் தலைமுறையின் கைகள் அப்படித்தான் வளர்ந்திருந்தன.

ஞாயிறு காலை, குளியலறைக் கண்ணாடி முன் மதுவந்தி வில்லையை உரித்தெடுத்தாள். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. வில்லை வலியின் அளவைத்தான் படிக்கிறது. இடத்தைச் சொல்வது ஒட்டுகிறவர் விரல். விரல் பொய் சொல்லும் என்று இதுவரை யாரும் நினைத்ததில்லை. வலிக்கும் இடத்தைப் பற்றி யார் பொய் சொல்லப் போகிறார்கள்?

வலது இடுப்பில் ஒட்டினாள். தயங்காமல் சிவப்பாக எரிந்தது.

களத்தில் ஜெசிந்தா ஒரு கணம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது. இன்றைக்கு வலி வலது பக்கம்; அதை விட்டுவிட்டால் போதும்.

முதல் வீச்சு நேராக இடது இடுப்பில் விழுந்தது. மதுவந்திக்குக் கண்ணுக்குள் வெள்ளையாக எதுவோ வெடித்தது. கால் மடங்கப் பார்த்தது. விழாமல் நின்றாள். இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது வரும்போது அவள் இடுப்பு அதை அவளுக்கு முன்பே உணர்ந்து நகர்ந்தது. எந்தக் கோணத்தில் நின்றால் மூட்டு நோகும், எதில் நோகாது என்று பத்தொன்பது வருடமாக நுணுக்கி நுணுக்கிக் கற்றிருந்தாளே, அந்தப் பாடமெல்லாம் இப்போது கம்புக்கு வந்தது. அரையடி வைத்து விலகினாள், தடுத்தாள், திருப்பித் தொட்டாள். முடிவில் ஐந்துக்கு நான்கு. ஜெசிந்தா தேர்வாகிவிட்டாள்.

தோற்றவள் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்ததும் ஜெசிந்தாவைத் தனியே இழுத்துப் போய் உண்மையைச் சொன்னாள்.

ஜெசிந்தா கம்பைக் கீழே போட்டுவிட்டாள். "அப்ப நான் வலிக்கற எடத்துலயேவா அடிச்சேன்?"

"அடிச்ச. அஞ்சு தடவ. ரெண்டாவது ரொம்ப நல்லாருந்துச்சு."

"அட சண்டாளி அக்கா!" அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. "உங்க வலப்பக்கம் மூணு தடவ தெறந்து கெடந்துச்சு. பாவம்னு விட்டுட்டேன்!"

"அது தெரியும். அதனாலதான் நாலு எடுத்தேன். நெசமான கணக்கு ஒண்ணோ ரெண்டோ. பரவால்ல, அந்த ஒண்ணு ரெண்டு என்னுது."

வீடு வந்து சேர்ந்தபோது மாலை வெயில் பால்கனிக் கம்பிகளில் சாய்ந்திருந்தது. அவள் நடையைப் பார்த்ததுமே திருக்குமரன் எண்ணெயைச் சூடு பண்ணக் கிளம்பினான். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தவளின் வலது இடுப்பில் சூடான கை பதிந்தது.

"அங்க இல்லீங்க. இடது."

"லைட்டு வலதுலதான எரியுது?"

"மாத்தி ஒட்டிட்டேன். சும்மா, ஆட்டத்துக்காக."

அவன் கை நின்றது, ஆனால் இடப்பக்கம் நகரவில்லை. "வலி எடம் மாறிருச்சோ என்னமோ. வலதுன்னா வேற டாக்டரக்கூடப் பாக்கோணும் வசு... நெசமா எந்தப் பக்கம்?"

செல்லமாகக் கூப்பிடும்போது அவளை அவன் வசு என்பான். இன்று அந்தச் செல்லம் அவளுக்கு இறங்கவில்லை. பழைய மருத்துவமனை நாற்காலிகள் ஞாபகம் வந்தன. நெசமா வலிக்குதா என்ற அதே குரல். கேட்பது மட்டும் இப்போது பத்தொன்பது வருடம் கூடவே நடந்தவன்.

"நான் சொல்றேன்ல இடதுன்னு. என்னை நம்ப மாட்டீங்க, இந்த லைட்ட நம்புவீங்க?"

"கோவிச்சுக்காத. லைட்டு கெட்டுப்போயிருக்குதான்னு பாக்கலாம், இரு." பிணக்கைச் சிரிப்பாக்கிவிடும் பழைய வழி அவனுக்கு. வில்லையை உரித்து அவள் இடது பக்கம் வைத்தான், சிவப்பு. முழங்கையில் வைத்தான், சிவப்பு. "பாத்தியா, எங்க வெச்சாலும் எரியுது அம்மிணி. ரிப்பேருதான்." தன் பேச்சுக்குச் சாட்சி வைப்பது போல அதைத் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

வில்லை மெல்ல மஞ்சளானது. பிறகு, விடியற்கால அடிவானம் போல ஓரத்திலிருந்து சிவந்தது.

அவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். அதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ரிப்பேருதான்" என்றான் மறுபடியும், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிறவன் போல.

"எங்க?"

"ஒண்ணுமில்ல வசு."

"எங்கங்க வலிக்குது?"

அவள் வில்லையை உற்றுப் பார்த்தாள். எவ்வளவு என்று மட்டும் அது சொன்னது. எந்த இடம், எத்தனை நாளாக, எதைத் தூக்கும்போது? எதுவும் சொல்லவில்லை. இவன் நோவொளி வாங்கிக்கொள்ளவே இல்லையே என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது அவள் யோசித்திருக்கிறாளா? இவன் மேல் ஒன்றும் எரியவில்லை. அதனால் ஒன்றும் வலிக்கவில்லை என்றே நினைத்திருந்தாள். அவளும் அந்த மருத்துவர்களைப் போலத்தான் இருந்திருக்கிறாள்.

"நீங்க ஏன் ஒண்ணு வாங்கி ஒட்டிக்கல?"

அவன் எண்ணெய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான். "ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டா, அப்பறம் தண்ணிக் கேன யாரு தூக்கறது?"

மதுவந்தி அவன் புறங்கையிலிருந்து வில்லையை உரித்து, தலையணைக்கு அடியில் வைத்தாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். இடது கால் முனகியது. அவள் பொருட்படுத்தாமல் அவனைத் திருப்பி உட்கார வைத்து, கழுத்தடியில் கட்டைவிரலை ஊன்றினாள்.

"இங்கயா?"

"இல்ல."

"இங்க?"

"இன்னுங் கொஞ்சம் கீழ."

விரல் முதுகெலும்பின் ஓரமாக இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு கணுவிலும் நிறுத்தி அவள் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவன் பதில் சொல்ல வேண்டியிருந்தது.