வெயில் படாத பூகோளம்

“இன்னும் அரை மணி நேரத்துல எஸ்.ஐ. வந்துருவாரு மேடம். அப்பாவைப் பாத்துக்கிட்ட வேலைக்காரி பெருமாயியைக் கூட்டிட்டுப் போவாவ. அதுக்கு முன்ன அப்பா உயில் எங்கன இருக்குன்னு தெரியணும்” என்றார் ஜெயஷீலா டீச்சர்.

கோவில்பட்டியில் அவர் வீட்டுக்கு வந்திருந்த சத்தியபாமா, பத்திரப்பதிவு அலுவலகத்தில் போலிக் கையெழுத்துகளைப் பிடித்துப் பேரெடுத்து ஓய்வு பெற்றவர். கூட வந்த மணிராஜ் ஜெராக்ஸ் கடைக்காரர். துப்பு என்றால் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

மேற்கு ஜன்னலோரம் இடுப்புயரத்தில் ஓர் உலக உருண்டை நின்றது. பழுப்பேறிய பழங்கால வரைபடம். கடலெல்லாம் பாய்மரக் கப்பல்கள். நடுவில் பிளந்து திறக்கும், பூட்டும் உண்டு. டீச்சரின் தந்தை எபநேசர் ஒன்பது வருடங்களுக்கு முன் வாங்கி, உயிலை அதற்குள் வைத்திருந்தார். அவர் இறந்து ஒரு மாதம். நேற்று டீச்சர் திறந்தபோது உள்ளே ஒன்றுமில்லை. பூட்டில் கீறல்கூட இல்லை.

“சாவி அப்பா இடுப்புலதான் கெடந்துச்சு. செத்த பிறகு எங்கிட்ட. அவியளைக் குளிப்பாட்டினது பெருமாயிதான்.”

வெயில் சுள்ளென்று உள்ளே விழுந்தது. திரைச்சீலையின் ரோஜாக்கள் சாயம் போய் வெளுத்திருந்தன.

“ரொம்பப் பழசு போல” என்று மணிராஜ் உருண்டையைத் தடவினார். சத்தியபாமா சுற்றிவிட்டார். சத்தமில்லாமல் சுற்றியது.

சுவரோரம் நின்ற பெருமாயி மெல்லச் சொன்னார்: “தினமும் தொடைச்சுட்டு, இந்தியாவ ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கணும் ஐயாவுக்கு. சுத்துனா கிறீச்சுன்னு கத்தும். போன வாரத்துல இருந்து கத்தல.”

“எண்ணெய் போட்டேன்” என்றான் டீச்சரின் தம்பி கிங்ஸ்டன். “பாலிஷ் போட என் கயத்தாறு பர்னிச்சர் கடைக்குக் கொண்டுபோனேன்ல, அப்ப.”

சத்தியபாமா இந்தியாவைப் பார்த்தார். பிறகு சுற்றி, மறுபக்கத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே பழுப்பு.

“எண்ணெய் சத்தத்தை நிறுத்தும் தம்பி. போன சாயத்தைத் திருப்பித் தராது. திரைச்சீலை இப்படி வெளுத்திருக்கு. ஒம்பது வருஷம் அதே வெயில்ல நின்ன இந்தியா மட்டும் எப்படி வெளுக்காம இருக்கு? மணிராஜ், இது பழசு மாதிரி அச்சடிச்ச படம், அவ்வளவுதான். இது புது உருண்டை.”

“அப்ப சாவி எப்படிச் சேர்ந்துச்சுக்கா?”

“ஒரே கம்பெனியோட மலிவுப் பூட்டு. எல்லாத்துக்கும் ஒரே சாவி. தம்பிக்கு மொதல்ல அது தெரியல. பூட்டை நெம்பியிருக்காரு, உருண்டை உடைஞ்சிருக்கு. அதே மாதிரி ஒண்ணு வாங்கி இங்கன நிறுத்திட்டாரு.”

வாசலில் ஜீப் வந்து நின்றது. கிங்ஸ்டன் வெளியே போய், தன் வண்டியிலிருந்து ஒரு கவருடன் திரும்பினான்.

“கிழிக்கத்தான் நெனச்சேன். அப்பா கையெழுத்தப் பாத்ததும் முடியல.”

டீச்சர் வாசித்தார். வீடு பிள்ளைகள் இருவருக்கும். கயத்தாறு ரோட்டு இரண்டு ஏக்கர் கரிசல், பதினோரு வருடம் தன்னைப் பார்த்துக்கொண்ட பெருமாயிக்கு.

டீச்சர் காகிதத்தை நீட்டினார். பெருமாயி வாங்கவில்லை.

“தெருவுல நாலு பேரு முன்னால என்னைத் திருடின்னு சொன்னீங்க டீச்சரம்மா. மொதல்ல அந்த நாலு பேருகிட்ட இல்லன்னு சொல்லுங்க. பொறவு வாங்கிக்கிடுதேன்.”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்த எஸ்.ஐ.யைத் தாண்டித் தெருவில் இறங்கினார்.